லிப்ரே ஆஃபிஸ்: ஆவணம் எழுதும் மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

திருநெல்வேலியில் மனு, வாடகை ஒப்பந்தம், சங்கத் தீர்மானம், பாகப்பிரிவினை வரைவு முதலியவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். மூன்று கணினிகள், இரண்டு அச்சுப்பொறிகள், ஒரு நகல் இயந்திரம், உதவிக்கு ஒரு பெண், இவ்வளவுதான் எங்கள் முதலீடு. 2018ஆம் ஆண்டு முதல் எங்கள் வேலையின் பெரும்பகுதி லிப்ரே ஆஃபிஸ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற அலுவலக மென்பொருளில்தான் நடக்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது கண்முன் இருக்கும் பொருள் என்பதால், அதன் நிறைகளையும் அது தரும் எரிச்சல்களையும் ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இந்த மென்பொருளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் "காசு கேட்கவில்லை, அதனால் பரவாயில்லை" என்ற தொனியில் முடிந்துவிடுகின்றன. அரிசியை விலைப்பட்டியலைப் பார்த்தே வாங்கிவிட்டு, சோறு வடித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதைப் போன்றது அது. ஓர் அலுவலக மென்பொருளை, அதிலும் அரசு அலுவலகத்துக்குள் நுழையும் மென்பொருளை, அது உருவாக்கும் கோப்பை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. இன்று எழுதப்படும் ஓர் ஆணையை, முப்பது ஆண்டுகள் கழித்து, அதை எழுதிய அலுவலகம் அன்று எந்த மென்பொருளை வாங்கியிருந்தது என்ற கவலையே இல்லாமல், ஒரு சாதாரணக் குடிமகன் திறந்து படிக்க முடியுமா என்பதே என் அளவுகோல். இந்த எண்ணம் எந்த இயக்கத்தின் துண்டறிக்கையிலிருந்தும் எனக்கு வரவில்லை. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரால் வந்தது.

அவர் கையில் ஒரு குறுந்தகடு இருந்தது. அவருடைய தந்தை 2003இல் எழுதி வைத்த குடும்ப ஏற்பாட்டின் வரைவு அதில் இருப்பதாகவும், தாளில் இருந்த படியைக் கறையான் அரித்துவிட்டதாகவும் சொன்னார். "தம்பி, எழுத்து எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு, எடுத்துக் குடுத்தாப் போதும்" என்றார். தகடு பழுதில்லாமல் ஓடியது, கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் வந்தது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பை. "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று கிடந்தது. இத்தொழிலில் பழுத்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள், அது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, யாரோ விசைப்பலகையில் விளையாடியதால் விழுந்த ஆங்கிலம். பாமினி பரவலாகப் புழங்கியதால் அதற்கு மாற்றிகள் கிடைக்கின்றன, அரை மணி நேரத்தில் அந்தக் கோப்பை மீட்டுவிட்டேன். அதே தகட்டில் இன்னொரு கோப்பும் இருந்தது. அது எந்தக் குறியேற்றத்தில், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற எந்த ஏற்பாட்டில், அடிக்கப்பட்டது என்பதைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தகட்டை உறையில் போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

தமிழர்களாகிய நமக்கு இந்த நோய் புதிதன்று. 1990களில் தமிழ் மென்பொருள் விற்றவர்கள் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க வேண்டுமானால், அவரிடமிருந்தே எழுத்துருவையும் வாங்க வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவர முயன்றது. இன்று நாங்கள் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவே. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழ்நாடு அரசு உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அதன் பிறகும் பழைய எழுத்துருக்கள் பல அலுவலகங்களில் நெடுநாள் ஓய்வு பெறவில்லை என்பது வேறு கதை. திறந்த தரம் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் யாருக்கு நட்டம் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் வந்து விளக்க வேண்டிய தேவையில்லை.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். லிப்ரே ஆஃபிஸின் வம்சாவளி சற்று நீளமானது. ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆஃபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரில் பொதுவில் வைத்தது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலத்தைப் பற்றி ஐயம் கொண்ட நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து, டாகுமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். பெர்லினில் பதிவான அந்த அறக்கட்டளைதான் இன்றுவரை லிப்ரே ஆஃபிஸை வெளியிட்டு வருகிறது. உரிமையாளர் இரண்டு முறை கைமாறியும் பயன்படுத்துவோரின் கையிலிருந்து மென்பொருள் நழுவவில்லை, ஏனென்றால் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையை உரிமமே கொடுத்திருந்தது. பூட்டிய நிரலாக இருந்திருந்தால் ஆரக்கிளின் முடிவே இறுதி முடிவாகியிருக்கும். இடையில் ஓர் எச்சரிக்கை. ஓப்பன் ஆஃபிஸ் என்ற பழைய பெயரில் அப்பாச்சி என்ற வேறோர் அமைப்பு வெளியிடும் மென்பொருள் இன்னும் தரவிறக்கக் கிடைக்கிறது. 2014க்குப் பிறகு அதில் சிறு திருத்தங்களைத் தவிரப் பெரிய வளர்ச்சி இல்லை. பெயர் மயக்கத்தில் அதை நிறுவிவிட்டு "கட்டற்ற மென்பொருள் என்றால் இப்படித்தான்" என்று சலித்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுதுவதற்கு இது எப்படி என்பதுதான் நம் வாசகர்களின் முதல் கேள்வியாக இருக்கும். எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேலையில் இப்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற எழுத்துக்கோப்பு இயந்திரமே இதனுள் இயங்குகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றுக்குள் இருப்பதும் அதுதான். ஒகரமும் ஔகாரமும் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் புள்ளி வட்டம் ஒரு பக்கமுமாகச் சிதறிய காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். இடைமுகத்தையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். என் உதவியாளர் கோப்பு, தொகு, பார்வை என்ற தமிழ்ப் பட்டிகளோடுதான் வேலை கற்றார். ஆழமான அமைப்புப் பெட்டிகளில் ஆங்கிலம் எட்டிப் பார்ப்பதும், சில மொழிபெயர்ப்புகள் அகராதியைக் கேட்க வைப்பதும் உண்டு.

புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடம் வேறொன்று. இந்த மென்பொருள் எழுத்துகளை மேற்கத்திய, ஆசிய, சிக்கலான எழுத்து முறை என்று மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. தமிழ் மூன்றாம் வகையில் வருகிறது. பத்தியின் பாணியை, அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றின் தொகுப்பை, திருத்தப் போய், முதல் தாவலில் அளவை 14 என்று மாற்றிவிட்டு, தமிழ் மட்டும் 12இலேயே நிற்பதைப் பார்த்து முதல் வாரம் முழுவதும் நான் மென்பொருளைத் திட்டினேன். தவறு என்னுடையது, நான் மாற்றியது ஆங்கிலத்தின் அளவை. விளங்கிக்கொண்ட பிறகு இதுவே வசதியாகிவிட்டது. தமிழுக்கு நோட்டோ எழுத்துருவையும் அதன் நடுவே வரும் ஆங்கிலத்துக்கு லிபரேஷனையும் ஒரே பாணிக்குள் கட்டி வைத்துவிட்டால், மனுவில் புல எண்ணும் ஆங்கிலச் சுருக்கப் பெயர்களும் தமிழோடு உறுத்தாமல் உட்காருகின்றன. ஆனால் இதை யாரும் சொல்லித் தராமல் ஓர் எழுத்தர் தானே கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயிற்சியே கொடுக்காமல் கணினிகளில் நிறுவிவிட்டு, மூன்று மாதத்தில் "ஊழியர்கள் விரும்பவில்லை" என்று எழுதி மூடிவிடும் அலுவலகங்களின் தோல்வி இத்தகைய சிறு இடறல்களில்தான் தொடங்குகிறது.

ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரில் என்னை மிகவும் கவர்ந்தது பாணிகள். எஃப்11 விசையைத் தட்டினால் திறக்கும் அந்தப் பட்டியலில் தலைப்பு, பெறுநர், பொருள், பார்வை, பத்தி, கையொப்பம் என்று எங்கள் மனுவின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணி வைத்திருக்கிறோம். நீதிமன்றத்துக்கு வேறு ஓரம், பதிவு அலுவலகத்துக்கு வேறு வரி இடைவெளி என்றால், வார்ப்புருவை, அதாவது முன்பே அமைத்து வைத்த மாதிரி ஆவணத்தை, மாற்றினால் போதும். பிடிஎஃப் ஏற்றுமதியில் இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. கலப்பு பிடிஎஃப் என்ற தெரிவைக் குறித்தால், பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே திருத்தக்கூடிய மூல ஆவணமும் பொதிந்துவிடும். வாடிக்கையாளரின் பென்டிரைவில் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறோம். கைப்பேசியில் திறந்தால் வெறும் பிடிஎஃப், எங்கள் மேசையில் திறந்தால் அடுத்த ஆண்டு வாடகையைத் திருத்தி எழுதக்கூடிய ஒப்பந்தம்.

ஒரு பிற்பகலில் கூட்டமில்லாத நேரத்தில் உதவியாளருக்கு ஒன்றைச் செய்து காட்டினேன். அன்று காலை அடித்த ஒரு மனுவின் ஓடிடி கோப்பை, அதாவது லிப்ரே ஆஃபிஸ் சேமிக்கும் ஆவணக் கோப்பை, படியெடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி, சாதாரண ஜிப் கோப்பைப் பிரிப்பதுபோல் பிரித்தேன். உள்ளே ஸ்டைல்ஸ், மெட்டா, கன்டென்ட் என்ற பெயர்களில் எக்ஸ்எம்எல் எனப்படும், குறிகளோடு எழுதிய சில உரைக் கோப்புகளும், படங்களுக்கான ஓர் உறையும் இருந்தன. கன்டென்ட் என்பதை நோட்பேடில் திறந்ததும், ஒரே நீள வரியாக ஓடிய குறிகளுக்கு நடுவே "மேற்படி நிலத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளாக அனுபவப் பாத்தியதையில் இருந்து வருகிறோம்" என்ற எங்கள் வாக்கியம் தெளிவான தமிழில் நின்றது. "அண்ணே, அப்போ லிப்ரே ஆஃபிஸே இல்லாட்டியும் இதைப் படிச்சிரலாமா?" என்று கேட்டார். படித்துவிடலாம். பாமினிப் பெரியவரின் இரண்டாம் கோப்புக்குக் கிடைக்காத வாய்ப்பு இதுதான்.

இந்த வடிவத்தின் பெயர் ஓடிஎஃப், அதாவது திறந்த ஆவண வடிவம். ஓடிடி அதன் உரை ஆவண வகை. 2006இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 26300ஆம் எண் தரமாக வெளியானது. இதன் விளக்க நூலைப் பெற்று யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பைத் திறக்கும் நிரல் எழுதலாம். மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸும் ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல் வைக்கும் வடிவம்தான், அதுவும் 2008இல் ஐஎஸ்ஓ 29500 ஆகியிருக்கிறது. ஆனால் ஓடிஎஃபின் முதல் விளக்க நூல் சுமார் 700 பக்கம், மற்றதோ 6,000 பக்கங்களைத் தாண்டியது. பழைய வேர்டு பதிப்புகளின் நடத்தைகளைச் சுமந்து வரும் இடைக்கால வடிவம் ஒன்றும் அதனுள் இருக்கிறது, நடைமுறையில் கைமாறும் கோப்புகள் பெரும்பாலும் அந்த இடைக்கால வடிவத்திலேயே இருக்கின்றன. அந்த வடிவம் ஐஎஸ்ஓ வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அரசுகளுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு நான் அறிந்த மிகத் தெளிவான விடை பெரு நாட்டிலிருந்து வந்தது. அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற மசோதாவை முன்வைத்த நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவாவுக்கு, மைக்ரோசாஃப்டின் பெரு கிளையிலிருந்து மறுப்புக் கடிதம் ஒன்று வந்தது. 2002 ஏப்ரலில் அவர் அதற்கு எழுதிய விரிவான பதிலில் மூன்று கடமைகளை அடித்தளமாக வைத்தார். பொதுத் தகவலைக் குடிமக்கள் தடையின்றி அணுக வேண்டும், பொதுத் தரவுகள் நிலைத்திருக்க வேண்டும், அரசும் குடிமக்களும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். செலவு குறையும் என்பதை அவர் முதல் வாதமாக வைக்கவில்லை. ஒரு தாசில்தார் அலுவலகத்தின் பதிவறையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாம் கடமையின் கனம் புரியும்.

ஆயினும் இந்த வழியில் போன அரசுகள் சில அடிபட்டும் இருக்கின்றன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஜெர்மனியின் மியூனிக் நகரம். 2003இல் மாநகர மன்றம் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவதென முடிவெடுக்கவிருந்த நேரத்தில், மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடைநிறுத்தி மேயரைச் சந்திக்க வந்தார் என்பது அப்போது உலகெங்கும் செய்தியானது. மன்றம் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. லிமக்ஸ் என்று பெயரிட்ட அந்தத் திட்டத்தில் 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. வார்ப்புருக்களையும் கடிதங்களையும் கையாள்வதற்காக வோல்மக்ஸ் என்ற நீட்சியைத் தாங்களே எழுதி, அதையும் கட்டற்றதாக வெளியிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகு 2017இல் புதிய மேயரின் காலத்தில் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. 2020இல் அமைந்த கூட்டணி, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு மறுபடியும் திரும்பியது. இந்த ஊஞ்சலாட்டத்தை மென்பொருளின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. மேசைக் கணினி, அஞ்சல், அச்சுப்பொறி, தனித்தனித் துறைகளின் தனித்தனிக் கணினிப் பிரிவுகள் என எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் சுமத்தியதால், எது பழுதானாலும் பழி லிமக்ஸின் தலையில் விழுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பிரான்சின் ஜாந்தார்மரி என்ற தேசியக் காவற்படை வேறு வழியில் போனது. 2005இல் முதலில் அலுவலக மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆஃபிஸுக்கு மாற்றினார்கள். அடுத்து உலாவியும் அஞ்சல் செயலியும் மாறின. ஊழியர்களின் கை இவற்றுக்குப் பழகிய பிறகே, 2008இலிருந்து அடியில் இருந்த இயங்குதளத்தை லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். தினமும் தொடும் செயலிகள் அப்படியே இருந்ததால் கீழே நடந்த மாற்றம் பலருக்கு உறைக்கவே இல்லை. ஜெண்ட்பண்டு என்று அவர்கள் பெயரிட்ட அந்த அமைப்பு பல பத்தாயிரம் கணினிகளில் இயங்கி வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஒவ்வோர் அறையாகக் காலி செய்வதைப் போன்ற முறை இது. எங்கள் மூன்று கணினிகளில் நானும் தெரியாமலே இதே வரிசையில்தான் போயிருக்கிறேன்.

இப்போது எல்லோரும் கவனிப்பது ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தை. 30,000 பணியிடங்களை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்றும் முடிவை அந்த அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 அக்டோபரில் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி முடித்ததாகச் சொன்னது. இடையில் ஊழியர்களிடமிருந்து புகார்கள் எழாமல் இல்லை. மாற்றத்துக்கு அந்த அரசு முன்வைக்கும் காரணத்தின் சாரம், தம் நிர்வாகத்தின் சாவி இன்னொரு நாட்டு நிறுவனத்தின் பையில் இருக்கக்கூடாது என்பது. டென்மார்க்கின் டிஜிட்டல் துறை அமைச்சகமும் ஆஸ்திரிய இராணுவமும் 2025இல் இதே மென்பொருளை நாடியதன் பின்னணியும் ஏறக்குறைய அதுவே. அதற்கு முன்பே, 2014இல், பிரிட்டன் அரசு தன் துறைகள் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓடிஎஃபைத் தரமாக அறிவித்திருந்தது. எந்த மென்பொருளை வாங்க வேண்டும் என்று சொல்லாமல், கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்ன அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்தில் கேரளம்தான் முன்மாதிரி. அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. இன்று அதன் வாரிசான கைட் அமைப்பு தன் சொந்த லினக்ஸ் வெளியீட்டைப் பள்ளிகளுக்குத் தருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது, பாடநூலும் அதற்கேற்ப எழுதப்படுகிறது. மூன்றும் சேர்ந்து நடப்பதுதான் அங்கே இரகசியம். தமிழ்நாட்டில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது. சென்னையில் நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இந்தக் காலத்ததே. முனைப்புள்ள அதிகாரி இருந்தவரை இருந்த வேகம் பிறகு தொடரவில்லை. 2015இல் நடுவண் அரசு திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. கொள்கை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இன்றைக்கும் பொதுமக்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் பல, குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டுமே ஒழுங்காகத் திறக்கும் வடிவில் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் படிவங்களைத் திறக்கும்போதுதான் லிப்ரே ஆஃபிஸின் குறைகள் வெளியே தெரிகின்றன. டாக்எக்ஸ் கோப்பில் கட்டங்களுக்குள் கட்டங்கள் வைத்து, இடைவெளி விசையைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய படிவம் என்றால், இங்கே திறந்ததும் ஒரு பக்கப் படிவம் ஒன்றேகால் பக்கமாகும், கையொப்பக் கட்டம் தனியே அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். காலிப்ரி போன்ற எழுத்துருக்களுக்கு அதே அகலம் கொண்ட கார்லிட்டோவைத் தந்து ஆங்கிலத்தில் இதை ஓரளவு சமாளிக்கிறது. தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. பழியில் பாதி அந்தப் படிவத்தை வடிவமைத்தவருடையது என்றாலும், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரிடம் அந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தமிழ்ப் பிழைதிருத்தி இன்னும் பள்ளிக்கூட வயதில்தான் இருக்கிறது. "வீட்டை" என்றால் ஒப்புக்கொள்ளும், "வீட்டிலிருந்தவர்களுக்கும்" என்றால் சிவப்புக் கோடு போடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற இயந்திரம் ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்டது. அதுவும் நம்மைப் போலவே சொல்லின் வாலில் உருபு மேல் உருபாக ஒட்டிக்கொண்டு போகும் மொழி. எனவே இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. தமிழின் சந்தி விதிகளையும் உருபுகளையும் முழுமையாக எழுதி அதற்கு ஊட்டும் வேலை பாக்கி இருக்கிறது. மொழிக்கென்று துறையும் கழகமும் நிதியும் வைத்திருக்கும் ஓர் அரசு நினைத்தால் முடிக்கக்கூடிய வேலை, முடித்தால் உலகத் தமிழர் எல்லோருக்கும் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய வேலை.

சங்க உறுப்பினர் நானூறு பேருக்குப் பெயர் மாற்றி அழைப்புக் கடிதம் அச்சிடும் அஞ்சல் இணைப்பு வசதி, தேவையில்லாமல் சுற்றி வளைக்கிறது. பெயர்ப்பட்டியல் உள்ள விரிதாளை முதலில் தரவுமூலமாகப் பதிவு செய்ய வேண்டும், பட்டியல் இடம் மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். விரிதாளான கால்க் எங்கள் வரவு செலவுக்குத் தாராளமாகப் போதும். எக்செலில் மேக்ரோ என்ற தானியங்குக் கட்டளைகள் எழுதிய தாள்கள் வந்தால் மட்டும் சில ஓடும், சில ஓடாது, எது ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய கணினியில் முதல் முறை திறக்கும்போது தேநீர்க் கோப்பையை எடுத்து வைக்க நேரம் கிடைக்கும். தோற்றம் பழமையானது என்பவர்கள் பட்டியைத் தாவல் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பழைய பட்டியே கைக்கு வருகிறது.

நிறுவ நினைப்பவர்கள் டாகுமென்ட் ஃபவுண்டேஷன் அறக்கட்டளையின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை. 2024 முதல் பதிப்பெண்ணில் ஆண்டும் மாதமும் வருவதால், கையில் இருப்பது எவ்வளவு பழையது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நிறுவியதும் மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்து முறைக்குத் தமிழைத் தேர்ந்து, அடிப்படை எழுத்துருவையும் அங்கேயே குறித்துவிட்டால், நான் பட்ட முதல் வாரத்து அவதி உங்களுக்கு இராது. சேமிக்கும் வடிவத்தை ஓடிடியாகவே விட்டுவிடுங்கள், அனுப்புவதைப் பிடிஎஃபாக அனுப்புங்கள், எதிர்ப்புறம் கட்டாயப்படுத்தினால் மட்டும் டாக்எக்ஸ். ஆண்டுக்கு ஒருமுறை, பழைய உரிமத்துக்குக் கட்டியிருக்கக்கூடிய தொகையில் ஒரு சிறு பங்கை அறக்கட்டளைக்கு நன்கொடையாக அனுப்புகிறேன். இலவசமாகக் கிடைப்பதை யாரோ சம்பளம் வாங்கி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் மூன்று கணினிகளில் இரண்டில் லினக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் மட்டுமே உள்ளன. மூன்றாவதில் விண்டோஸும் காசு கொடுத்து வாங்கிய எக்செலும் இன்னும் இருக்கின்றன. ஓர் அலுவலகத்துக்கு மாதந்தோறும் நிரப்பி அனுப்ப வேண்டிய மேக்ரோ விரிதாள் ஒன்று அதில் மட்டும்தான் பிழையின்றி ஓடுகிறது. திறந்த வடிவில் ஒரு படிவம் தரும்படி அவர்களுக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இரண்டாவது கடிதத்துக்கு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது, டாக்எக்ஸ் கோப்பாக.